வெளியிலிருந்து திறக்காத கதவு

பழைய கார்களில் இப்படி ஒரு கதவாவது இருக்கும். வெளியே பிடித்து இழுத்தால் கைப்பிடி மட்டும் லொடலொடவென்று கையோடு வரும், கதவு அசையாது. ஓட்டுபவர் தன் பக்கம் ஏறி, எட்டி அந்தக் கதவைத் தள்ளிவிடுவார். கொஞ்ச நாளில் அதுவே பழகிப்போகும். "அந்தக் கதவு வெளியே திறக்காதுங்க, இந்தப் பக்கமா வாங்க" என்று வீட்டுக்கு வந்தவரிடம் சொல்லும்போது யாருக்கும் உறுத்துவதில்லை. எனக்கு உறுத்துகிறது.

உள்கைப்பிடி காருக்குள் இருப்பவருக்கானது. வெளிக்கைப்பிடியோ, உள்ளே இருப்பவருக்குக் கை ஓடாத நேரத்தில் ஓடிவரும் யாரோ ஒருவருக்கும் சேர்த்துத்தான். விபத்தில் மயங்கிக் கிடப்பவரை அவர் எதைப் பிடித்துத் திறப்பார்? பின்கதவில் ஆபத்து இன்னும் அதிகம். கதவைத் திறந்தால் மட்டும் கண்ணில் படும் ஓரத்தில் சைல்டு லாக் என்று சின்னதாக ஒன்று இருக்கும். அதைப் போட்டுவிட்டால் உள்கைப்பிடி வேலை செய்யாது. வெளிக்கைப்பிடியும் போயிருந்தால் அந்தக் கதவை எந்தப் பக்கத்திலிருந்தும் திறக்க முடியாது. பின்சீட்டில் உட்காருவது பெரும்பாலும் குழந்தைகள்.

புதிய கார்களிலும் இந்தக் கவலை வந்திருக்கிறது. 2021 டெஸ்லா மாடல் ஒய் கார்களின் மின்சாரக் கைப்பிடிகள் பற்றி அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2025 செப்டம்பரில் விசாரணை தொடங்கியது. பிள்ளை உள்ளே இருக்க, வெளியே நின்ற பெற்றோர் கண்ணாடியை உடைக்க நேர்ந்ததாகவும் புகார்கள் வந்திருந்தன. அங்கே சிக்கல் மின்சாரத்தில். நம் பழைய காரில் அது பெரும்பாலும் ஒரு பிளாஸ்டிக் துண்டில்.

கைப்பிடியைத் தூக்கினால் அதன் பின்னாலுள்ள நாக்கு ஒரு மெல்லிய கம்பியைத் தள்ளும். கம்பி, கதவைப் பூட்டிப் பிடித்திருக்கும் லாட்சை விடுவிக்கும். அந்தக் கம்பியையும் நாக்கையும் பிணைத்து வைத்திருப்பது விரல்நகம் அளவு கிளிப். வருஷக்கணக்காக வெயிலில் வெந்து அது நொறுங்கிவிடும். உள்ளிருந்து கதவு சுலபமாகத் திறந்தால் லாட்ச் அநேகமாக நன்றாகத்தான் இருக்கிறது. கைப்பிடி தொளதொளவென்று ஆடினால் கிளிப்போ நாக்கோ போயிருக்கும். தூக்கியது தூக்கியபடியே நின்றால் ஸ்பிரிங். இவ்வளவு தெரிந்துகொண்டு போனாலே, "லாட்ச் செட்டையே மாத்தணும்" என்று யாராவது சொல்லும்போது, ஏன் என்று கேட்க முடியும்.

நான் போகும் பட்டறையில் ஒரு வயதான மெக்கானிக் இருக்கிறார். வெளிக்கைப்பிடியின் பின்பக்கத்தை எட்ட கதவின் உள்பலகையைக் கழற்ற வேண்டும்; அதற்கு முதலில் கண்ணாடி ஏற்றும் கைப்பிடியை எடுக்க வேண்டும். அதைப் பிடித்திருக்கும் லாடம் போன்ற கம்பிக் கிளிப் வெளியே தெரியாது. அவர் ஒரு வேஸ்டு துணியைக் கைப்பிடிக்குப் பின்னால் நுழைத்து, இரு முனையையும் பிடித்து இப்படியும் அப்படியும் இழுப்பார். துணியில் மாட்டிக் கிளிப் டக்கென்று தெறிக்கும். இன்னொரு கை அதற்கு முன்பே அங்கே காத்திருக்கும். பலகையில் ஒரு கீறல் விழாது. "திருப்புளிய வச்சு நெம்புனா கிளிப் எங்க போச்சுன்னு தேடணும், சார்" என்பார்.

பலகைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பாலிதீன் தாளைப் பல பட்டறைகளில் கிழித்து எறிந்துவிடுகிறார்கள். அது குப்பை இல்லை. கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்கும் மழைநீர் பலகையை ஊறவைக்காமல் தடுப்பது அதுதான். திரும்ப ஒட்டச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். கதவின் அடியிலுள்ள நீர் வடியும் துளைகளையும் அப்போதே குத்திச் சுத்தம் செய்துவிடலாம். கண்ணாடியை முழுக்க ஏற்றி வைத்தால் கை நுழைய இடம் கிடைக்கும்; மிச்சம் இரண்டு நட்டு வேலைதான்.

உதிரிபாகத்துக்குச் சென்னைக்காரர்களுக்கு ஜி.பி. ரோடு இருக்கிறது, நிறுவனமே தயாரிப்பை நிறுத்திய மாடல் என்றால் புதுப்பேட்டை. பழைய கைப்பிடியைக் கையோடு கொண்டுபோவது நல்லது, இடமும் வலமும் வேறு வேறு. டூப்ளிகேட் வாங்கும்போது மேல்மினுமினுப்பைப் பார்க்காமல் பின்னால் இருக்கும் நாக்கைப் பாருங்கள். முன்கதவு என்றால் சாவித் துளை உருளையைப் பழையதிலிருந்து எடுத்துப் புதியதில் மாட்டச் சொன்னால் ஒரே சாவி போதும்.

மாட்டியதும் உடனே கதவைச் சாத்தக் கூடாது. கம்பி சரியாக உட்காராவிட்டால் மூடிய கதவைத் திறப்பது பெரும்பாடு. கதவு திறந்திருக்கும்போதே லாட்சின் நாக்கைத் திருப்புளியால் தள்ளிப் பூட்டவைத்து, வெளிக்கைப்பிடியைத் தூக்கினால் அது பட்டென்று விட வேண்டும். இப்படிச் சில தடவை பார்த்த பிறகு சாத்தலாம். பின்கதவு என்றால் சைல்டு லாக்கை எடுத்துவிட்டுச் சாத்தி, வெளியிலிருந்து நீங்களே ஒரு முறை திறந்து பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.