பிசாசுக்கு எழுதி வைத்த ஏரி

சிகாகோவில் இருக்கும் நண்பரின் மகன் வாட்ஸப்பில் முப்பது போட்டோ அனுப்பியிருந்தான். லாங் வீக் எண்ட். நாலு குடும்பம், நாலு கார், டப்பா டப்பாவாகப் புளிசாதம். மூணு மணி நேரம் ஓட்டிப் போய் விஸ்கான்சின் மாநிலத்தில் ஓர் ஏரிக்கரையில் இறங்கியிருக்கிறார்கள். படகு, நீச்சல், மலையேற்றம். 'டெவில்ஸ் லேக் ஸ்டேட் பார்க், அங்கிள். செம இடம்!'

செம இடம்தான், மறுக்கவில்லை. ஏரியை ஒட்டி ஐந்நூறு அடி உயரப் பாறைச் சுவர்கள். பனியுகத்தில் பனிப்பாளம் தள்ளிக்கொண்டு வந்த மண்ணும் கல்லும் பள்ளத்தாக்கின் இரண்டு வாயையும் அடைக்க, நடுவில் தேங்கியதுதான் ஏரி. 1911ல் மாநில அரசு பூங்காவாக்கியது. இப்போது வருடத்துக்கு இருபது லட்சம் பேருக்கு மேல் வருகிறார்கள்.

என் சண்டை அந்தப் பெயரோடு. டெவில் எங்கிருந்து வந்தான்?

அந்த மண்ணின் மக்கள் ஹோச்சங்க் பழங்குடியினர். அவர்கள் வைத்த பேர் 'தே வகாஞ்சங்க்'. தே என்றால் ஏரி. மற்றது புனிதம். புனித ஏரி! பின்னால் வந்த வெள்ளைக்காரர்கள் அதைப் பிசாசின் ஏரி ஆக்கிவிட்டார்கள். அடுத்தவன் சாமி நமக்குப் பிசாசு. என்ன மொழிபெயர்ப்பு, பாருங்கள்.

போட்டோவில் ஜமக்காளத்துக்குப் பின்னால் புல் மூடிய ஒரு மேடு தெரிந்தது. அது என்னவென்று அந்தப் பையனிடம் கேட்டேன். 'ஏதோ மண்மேடு அங்கிள், போர்டு வெச்சிருந்தாங்க, படிக்கலை' என்றான். அந்தக் கரையில் பறவை வடிவிலும் கரடி வடிவிலும் மேடுகள் உண்டு. கிட்டத்தட்ட ஆயிரம் வருடத்துக்கு முன்னால் மனிதர்கள் கூடையில் மண் சுமந்து கட்டியவை. இப்படிப்பட்ட மேடுகள் பலவற்றுக்குள் இறந்தவர்களைப் புதைத்திருக்கிறார்கள். விஸ்கான்சினில் எல்லா வகை மேடும் சேர்த்து ஒரு காலத்தில் பதினைந்தாயிரத்துக்கும் மேல் இருந்தன. மிச்சம் சுமார் நாலாயிரம். மற்றதெல்லாம் ஏருக்கும் ரோட்டுக்கும் வீட்டுக்கும் போச்சு. பூங்காவுக்குப் பக்கத்து ஊர் பாரபூ. அங்கே இருநூறு அடி நீளத்துக்கு மனித வடிவில் ஒரு மேடு. 1905ல் ரோடு போட்டபோது அந்த மனிதனின் இரண்டு காலையும் வெட்டி எடுத்துவிட்டார்கள்!

சரி, கட்டியவர்களின் வாரிசுகள்? 1837ல் ஓர் ஒப்பந்தம். நிலத்தை எழுதிக் கொடுக்க அதிகாரமே இல்லாத தூதுக்குழுவிடம் கையெழுத்து வாங்கினார்கள். வெளியேற எட்டு வருடம் இருக்கிறது என்று வாயால் சொல்லிவிட்டு, காகிதத்தில் எட்டு மாதம் என்று எழுதியிருந்தார்கள். அப்புறம் அயோவா, மினசோட்டா, தெற்கு டகோட்டா, நெப்ராஸ்கா என்று ஊர் ஊராகத் துரத்தல். கடைசித் துரத்தல் 1873-74 குளிர்காலத்தில். பலர் செத்தார்கள். பிழைத்தவர்களில் நிறையப் பேர் திரும்பத் திரும்ப நடந்தே ஊர் வந்து சேர்ந்தார்கள். இன்றும் அங்கே இருக்கிறார்கள். 2016ல், மேடுகளுக்கு உள்ள சட்டப் பாதுகாப்பைத் தளர்த்த ஒரு மசோதா வந்தபோது தலைநகர் மாடிசனில் திரண்டு நின்று அதை முடக்கினார்கள். அதாவது, இது 'வரலாறு' என்று போர்டில் எழுதி முடித்துவிடக்கூடிய கதை இல்லை.

நூறு வருஷமாகப் பழகிய பேரை மாற்றினால் குழப்பம் வரும் என்பார்கள். பக்கத்து மாநிலத்தில், மினியாபொலிஸ் நகரத்துக்குள்ளேயே, அடிமை முறைக்கு வக்காலத்து வாங்கிய கால்ஹூன் பேரில் ஓர் ஏரி இருந்தது. 2018ல் அதற்கு டகோட்டா மக்களின் பழைய பேரையே, பெடே மக்கா ஸ்கா என்று, திருப்பிக் கொடுத்தார்கள். வழக்குப் போட்டுப் பார்த்தார்கள். 2020ல் மாநில உச்ச நீதிமன்றம் மாற்றம் செல்லும் என்றது. யாரும் வழி தெரியாமல் ஏரியில் விழுந்துவிடவில்லை. மாடிசனில் நாற்காலியில் இருப்பவர்களுக்கு இதில் என்ன கஷ்டம்?

நம்ம பையனுக்கு 'தே வகாஞ்சங்க்' என்று டைப் பண்ணி அனுப்பினேன். 'வாயில நுழையலையே அங்கிள்' என்று பதில் வந்தது. சிகாகோ, மில்வாக்கி, விஸ்கான்சின் மூன்றும் பழங்குடி மொழிகளிலிருந்து வந்த பேர்கள்தான். அதெல்லாம் மட்டும் நன்றாக நுழைகிறது.