சதுர அடி மட்டும் போதுமா?



குடிசைக்குப் பதில் மாடி வீடு கிடைத்தால் போதும் என்று நம்மவர்கள் பலர் நினைக்கிறார்கள். அதைக் குறை சொல்ல மாட்டோம். மழையில் சாக்கடைத் தண்ணீர் வீட்டுக்குள் புகுந்ததையும், விடியுமுன் பொதுக் கக்கூஸ் வரிசையில் நின்றதையும் நாம் மறக்கவில்லை.

ஆனால் மாடி ஏறியவர்கள் என்ன சொல்கிறார்கள்? சங்கத்தின் சார்பில் கோவண்டிப் பக்கம் வீடு வீடாகப் போய்க் கேட்டோம். இரண்டாவது மாடியில் ஒரு தாய் சொன்னார்: "குழாய் உள்ளே இருக்கு, கக்கூஸ் உள்ளே இருக்கு, அண்ணாச்சி. வெளிச்சம்தான் உள்ளே வரமாட்டேங்குது." நடுப்பகலில் அங்கே டியூப் லைட் எரிந்தது. ஜன்னலுக்கு நேரே அடுத்த கட்டடம், இடையிலே குப்பை. நாற்றத்துக்குப் பயந்து ஜன்னலை மூடியே வைத்திருக்கிறார்கள். மிளகாய் தாளித்தால் வீடே இருமுகிறது.

இது வெறும் சௌகரியப் பிரச்சினை அல்ல, உயிர்ப் பிரச்சினை. லல்லுபாய் காம்பவுண்டு, நட்வர் பாரேக் காம்பவுண்டு ஆகிய குடியிருப்புகளில் காசநோய் ஏன் அதிகம் என்று டாக்டர்ஸ் ஃபார் யூ என்ற மருத்துவர் அமைப்பு ஆராய்ந்தது. 2018-இல் வெளியான அந்த ஆய்வு, கட்டடங்கள் வெறும் 3 மீட்டர் இடைவெளியில் நெருக்கி நிற்பதையும், கீழ்மாடிகளுக்கு வெயிலும் காற்றும் எட்டாததையும் காரணமாகக் காட்டியது. ரயில் பாதையோரத்திலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்ட குடும்பங்கள் பலவும் குடியேற்றப்பட்ட இடம் இந்த லல்லுபாய் காம்பவுண்டு. திறந்த வெளியிலே வாழ்ந்தவர்களை இருட்டறைக்கு அனுப்பியதுதான் மறுவாழ்வா?

குடிசை மறுவாழ்வுத் திட்டத்தில் வீட்டின் அளவு 225 சதுர அடியில் தொடங்கி, 269 ஆகி, 300 ஆனது. தாராவிக்கு 350 என்று அறிவித்திருக்கிறார்கள். நாமும் இந்த எண்ணை மட்டுமே பேசுகிறோம். விற்பனைக் கட்டடத்துக்கு நிலம் மிச்சப்பட்டால்தான் கட்டுகிறவருக்கு லாபம். எனவே நம்மை ஒரு மூலையில் நெருக்கி உயரே அடுக்குகிறார்கள். வீட்டின் அளவு கூடினாலும் காற்று கூடுவதில்லை.

ஆகவே, ஒப்புதல் படிவம் வந்தால் உடனே கையெழுத்துப் போடாதீர்கள். வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்கள். கட்டடங்களுக்கு நடுவே எத்தனை மீட்டர்? சமையலறைப் புகை எந்த வழியாக வெளியேறும்? நடைவழிக்கு வெளிச்சம் உண்டா? கீழ்மாடிக்கு வெயில் வருமா? பெண்களை முன்னே நிறுத்திக் கேளுங்கள். நாள் முழுதும் அந்த வீட்டுக்குள் இருக்கப் போகிறவர்கள் அவர்கள்தாம்.

கூரையோடு வெயிலும் காற்றும் நமக்குள்ள உரிமை. சேர்ந்தே கேட்போம்!