தேய்மானம் என்றொரு சொல்

ஞாயிற்றுக்கிழமை நாளிதழைப் பிரித்தபோது உள்ளிருந்து ஒரு துண்டறிக்கை விழுந்தது. முட்டி வலிக்கு இலவச முகாம், சென்னையில் எங்கள் வேளச்சேரியிலேயே, ஒரு கல்யாண மண்டபத்தில். அத்தையை ஆட்டோவில் அழைத்துப் போனேன்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு அத்தையைத் தெரியும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தரைத்தள வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்ததும், அதே தெருவில் இரண்டாவது மாடிக்குக் குடிபோனவர். லிஃப்ட் இல்லாத கட்டடம். 2023-ல் மிக்ஜாம் புயல் வந்தபோது அவர் எடுத்த முடிவு சரி என்றானது. எங்கள் பகுதியில் பலர் தண்ணீருக்குப் பயந்து மேலே போகிறார்கள். போன பிறகு முட்டிக்குப் பயந்து கீழே வருவதை நிறுத்திவிடுகிறார்கள். 

முகாமைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். டோக்கன், வரிசை, மண்டபத்தில் நிரம்பியிருந்த பெண்கள் என்று குறிப்பெல்லாம் எடுத்து வைத்திருந்தேன். ஆனால் அங்கே காதில் விழுந்த ஒரு சொல் என்னை விடமாட்டேன் என்கிறது. அத்தையின் எக்ஸ்ரேவை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்த டாக்டர், "தேய்மானம்மா" என்றார். மாத்திரைச் சீட்டு கொடுத்தார். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள். வீட்டுக்கு வந்து, கைப்பிடியைப் பற்றி இரண்டு மாடி ஏறி முடித்ததும் அத்தை சொன்னார்: "இனிமே கீழ இறங்க மாட்டேன்டா. மிச்சம் இருக்கிறதையாவது காப்பாத்திக்கணும்."

செருப்பு தேயும். டயர் தேயும். சந்தனக்கட்டை தேயும். தேய்ந்தது திரும்ப வராது. அத்தையின் தலைமுறை, சோப்பு கரைந்து தகடானால் அதைப் புதுச் சோப்பின் முதுகில் ஒட்டிப் பயன்படுத்திய தலைமுறை. தேய்கிற பொருளை எப்படிக் கையாளுவது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். குறைவாகப் புழங்க வேண்டும், அவ்வளவுதான். அந்தச் சிக்கனத்தை இப்போது முட்டியிடமும் காட்டுகிறார்கள். கோயிலுக்குப் போவதில்லை, காய்கறிக்காரரிடம் பேரம் பேச இறங்குவதில்லை. ஒரே ஒரு சொல் ஒரு மனுஷியை நாற்காலியில் கட்டிப்போடுகிறது. எனக்குக் கோபம் வருகிறது.

ஏனென்றால் முட்டி டயர் இல்லை. எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்துதான் அதற்குச் சாப்பாடு. காலை ஊன்றும்போது அழுந்தி, எடுக்கும்போது விரிந்து, பஞ்சு மாதிரி அந்தத் திரவத்தை அது வாங்கிக்கொள்கிறது. அசையாமல் வைத்த முட்டி பட்டினி கிடக்கிறது. கூடவே தொடையின் முன்பக்கச் சதை இளைக்கிறது. அது தாங்க வேண்டிய பாரமும் மூட்டின் தலையில் விழுகிறது. வலி கூடுகிறது. "பார்த்தியா, இன்னும் தேஞ்சிடுச்சு" என்று அத்தை இன்னும் கொஞ்சம் உட்கார்ந்துவிடுகிறார்.

எக்ஸ்ரே முழுக் கதையையும் சொல்வதில்லை. படத்தில் மோசமாகத் தெரியும் முட்டியோடு வலியில்லாமல் நடமாடுகிறவர்கள் உண்டு. லேசான மாற்றத்துக்கே துடிக்கிறவர்களும் உண்டு. குருத்தெலும்புக்கு நரம்பே இல்லை. வலிப்பது மூட்டின் உட்சவ்வும், அடியிலிருக்கும் எலும்பும், சுற்றியுள்ள தசைநார்களும்.

தேய்மானம் என்ற சொல் வேறு காரணங்களையும் மூடி மறைக்கிறது. காலையில் எழுந்தால் ஒரு மணி நேரம் கை விரல்களும் மடங்க மறுத்தால் அது முடக்குவாதமாக இருக்கலாம். யூரிக் அமிலத்தால் வருவது ஒன்று. இடுப்பு மூட்டின் கோளாறு முட்டியில் வலிப்பதும் உண்டு. காய்ச்சலோடு முட்டி சிவந்து வீங்கிச் சுட்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். "ஜவ்வு போயிடுச்சு" என்பார்களே, அதுவும் இதே ரகம். எலும்புகளைப் பிணைக்கும் நாரும் ஜவ்வு, நடுவே மெத்தையாக இருக்கும் பிறை வடிவத் தட்டும் ஜவ்வு, குருத்தெலும்பும் ஜவ்வு. மூன்றுக்கும் வைத்தியம் வேறு.

2002-ல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் 180 பேரை வைத்து ஓர் ஆய்வு வெளிவந்தது. தேய்ந்த முட்டிக்குள் குழாய் விட்டுக் கழுவி, சுரண்டிச் சுத்தம் செய்யும் சிகிச்சை பற்றியது. சிலருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்துவிட்டார்கள். இரண்டு வருஷம் கழித்தும் அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் வலியில் வித்தியாசம் இல்லை. தேய்ந்த இயந்திரத்தை உள்ளே போய்ச் சரிசெய்துவிடலாம் என்ற நினைப்புக்கு அது பெரிய அடி.

மாற்று மூட்டு வேறு விஷயம். அதற்கு நான் எதிரி அல்ல. பிரதமராக இருக்கும்போதே வாஜ்பாய் 2000-ல் ஒரு முட்டியையும் 2001-ல் மறு முட்டியையும் மும்பையில் மாற்றிக்கொண்டார். அந்தச் சிகிச்சையின் பெயர் அப்போதுதான் பல வீடுகளுக்குள் வந்தது. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை முட்டியின் விலைக்கு உச்சவரம்பு வைத்தது. இரவில் வலி தூங்கவிடவில்லை, மற்ற எதுவும் பலிக்கவில்லை என்றால் மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் தொடைச் சதைக்கான பயிற்சியை ஒருநாள்கூட முயலாமல் அங்கே போய் நிற்கிறார்களே, அதுதான் தாங்கவில்லை. எடை குறைப்பதும் உதவும்: எடை கூடுதலானவர்கள் ஒரு கிலோ குறைத்தால் ஒவ்வோர் அடியிலும் முட்டியின் சுமை சுமார் நான்கு கிலோ குறைகிறது என்று 2005-ல் வந்த ஆய்வு சொல்கிறது. மருந்துக்கடையில் தாமாகவே வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் வலி மாத்திரை வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கலாம். மேலே தடவும் ஜெல்லுக்கு அந்த ஆபத்து மிகக் குறைவு.

செவ்வாய்க்கிழமை எங்கள் தெருமுனையில் இருக்கும் பிசியோதெரபிஸ்ட் பெண்ணை அத்தை வீட்டுக்கு அழைத்துவந்தேன். தேய்மானம் என்ற சொல்லை அவர் உச்சரிக்கவே இல்லை. தொடையைத் தொட்டுப் பார்த்து, "சதை தளர்ந்திருக்கும்மா, முறுக்கேத்திடலாம்" என்றார். நாற்காலியில் உட்கார்ந்தபடியே காலை நேராக நீட்டி, பத்து எண்ணிவிட்டு இறக்க வேண்டும். ஒரு காலுக்குப் பத்து தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். பலன் தெரிய ஆறு வாரமாவது ஆகும் என்றும் சொல்லிவிட்டார்.

வலி இன்னும் குறையவில்லை. நேற்று அத்தை கைப்பிடியைப் பிடித்து, "வலிக்கிற கால், நல்ல கால்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே முதல் மாடி வரை இறங்கினார். அங்கிருக்கும் வீட்டு வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அரை மணி நேரம் பேசினார். ஏறி வந்தபின் போனில் என்னிடம் சொன்னார்: "பதினெட்டுப் படிடா. எண்ணிட்டேன்."