நீங்களும் உட்காருங்க

எங்கள் பகுதி மாநகராட்சிப் பள்ளியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் சிலர் சேர்ந்து இலவசக் கலைப் பட்டறை நடத்துகிறார்கள். ஆள் சேர்க்கும் வேலையில் பாதி என் தலையில். போனில் வரும் கேள்விகள் அநேகமாக ஒரே வரிசையில்தான் வரும். முதலில், "ஃபீஸ் எவ்ளோ சார்?" ஃபீஸ் கிடையாது என்றதும் குரலில் லேசாகச் சந்தேகம் தட்டும். "அப்ப சர்டிபிகேட் குடுப்பீங்களா?" அதுவும் கிடையாது. கடைசியாக, "சரி, எத்தனை மணிக்கு வந்து கூட்டிட்டுப் போகணும்?"

முதல் இரண்டு கேள்விகளோடு யாரும் விலகிப் போனதில்லை. மூன்றாவதற்கு நாங்கள் சொல்லும் பதிலில்தான் பாதிப் பேர் கழன்றுகொள்வார்கள். "கூட்டிட்டுப் போக வர வேண்டாங்க. நீங்களும் இருக்கணும். நீங்களும் உட்கார்ந்து செய்யணும்."

"நானா? எனக்கு அதெல்லாம் வராதுங்க."

பிள்ளைக்கு வர வேண்டும், தனக்கு வராது. இதில் முரண் ஏதும் இருப்பதாக அவர்களுக்குத் தோன்றுவதில்லை. பாட்டு வகுப்பு, கீபோர்டு, சிலம்பம், செஸ் என்று சனி ஞாயிறுகளில் நம் ஊர்த் தெருக்களில் ஓடும் டூவீலர்களைப் பாருங்கள். பின்னால் பிள்ளை, முன்னால் அப்பாவோ அம்மாவோ. பிள்ளை உள்ளே போகும். வண்டி வெளியே ஸ்டாண்டு போட்டு நிற்கும், வண்டி மேல் உட்கார்ந்தபடி ஒருவர் ஒரு மணி நேரம் போனைத் தள்ளிக்கொண்டிருப்பார். கலை என்பது பிள்ளைகளுக்குப் போடும் தடுப்பூசி என்ற நினைப்பு நமக்கு. பெரியவர்கள் பிடித்துக்கொண்டால் போதும்.

சென்ற முறை மண் பொம்மை. கற்றுத்தர வந்தவர் குலாலர் தெருப் பெரியவர். மண்ணைக் குட்டியானையில் கொண்டுவந்து இறக்கினார். பள்ளி வராந்தாவில் தார்ப்பாய் விரித்து அதைக் கொட்டி, "மொதல்ல கல்லு பொறுக்குங்க" என்றார். அரை மணி நேரம் அதுதான் வேலை. பிள்ளைகள் சந்தோஷமாகப் பொறுக்கினார்கள். பெரியவர்களில் சிலர் கடிகாரம் பார்த்தார்கள். ஒரு அம்மா என்னிடம் வந்து, "எப்ப சார் பொம்மை செய்ய ஆரம்பிப்பாங்க?" என்று மெதுவாகக் கேட்டார். ஆரம்பித்து அரை மணி ஆகிறது என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

கல் போனதும் தண்ணீர் தெளித்துப் பிசைவது. பதம் பார்ப்பதில் பிள்ளைகள் திணறினார்கள். ஒன்று சேறாகிவிடும், இல்லாவிட்டால் உருட்டும்போதே வெடிக்கும். அங்கேதான் ஒரு கொத்தனார், மகனுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், தாங்க முடியாமல் ஒரு உருண்டையை எடுத்துப் பிசைந்தார். உள்ளங்கையை நனைத்து அதன் மேல் ஒரு இழுப்பு இழுத்தார். மண் கண்ணாடி மாதிரி வழுவழுவென்று ஆனது. வாத்தியார் பார்த்துவிட்டு, "பூச்சு வேலையா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினார். அதற்குப் பிறகு அந்த வரிசையில் பதம் கேட்டவர்கள் எல்லாம் வாத்தியாரிடம் போகாமல் இவரிடம்தான் போனார்கள். போனில் இவரும் "எனக்கு வராது" என்று சொன்னவர்தான்.

யானை செய்வதாகத் திட்டம். உடம்போடு தும்பிக்கையை வெறுமனே அழுத்தி ஒட்டினால் காய்ந்ததும் விழுந்துவிடும். இரண்டு பக்கமும் குச்சியால் கீறி, மண்ணைக் கூழாகக் கரைத்துத் தடவி, பிறகு ஒட்ட வேண்டும். மண் காயக் காயச் சுருங்கும். மெல்லிய தும்பிக்கை வேகமாகக் காய்ந்து சுருங்கிவிடும், பெருத்த உடம்பு மெதுவாகத்தான் காயும். இரண்டும் வேறு வேறு வேகத்தில் இழுத்தால் ஒட்டு விட்டுப்போகும். அதனால் தும்பிக்கை மேல் ஈரத்துணி போட்டு, நிழலில் காயவைக்கச் சொன்னார் வாத்தியார். சூளைக்குப் போக வேண்டியதென்றால் வயிற்றைக் குடைந்து கூடாக்க வேண்டும். கட்டியாக விட்டால் உள்ளே நிற்கும் ஈரம் ஆவியாகி, யானையே வெடித்துவிடும்.

இதையெல்லாம் காதில் வாங்காமல் ஒரு சிறுமி தன் யானைக்கு ஐந்தாவது காலை உருட்டிக்கொண்டிருந்தாள். அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர். "ஏய், யானைக்கு நாலு காலுடி" என்று ஒன்றைப் பிடுங்கினார். அவள் வாங்கித் திரும்ப ஒட்டினாள். "இது ஸ்டெப்னிப்பா." மண் வந்து இறங்கிய குட்டியானையை அவள் வாசலில் நின்று பார்த்திருக்கிறாள். அப்பா அதோடு விடவில்லை; காது சிறிசு, வால் பெரிசு என்று திருத்திக்கொண்டே இருந்தார். கடைசியில் அவள், "அப்பா, உனக்குத்தான் மண்ணு குடுத்திருக்காங்கல்ல, நீ உன்னுதச் செய்யேன்" என்றாள். அவருக்கு முகம் சுருங்கினாலும் செய்ய உட்கார்ந்தார். பத்து நிமிடத்தில் மகள் பக்கம் திரும்பவே இல்லை. அவர் செய்தது என்ன மிருகமென்று கடைசிவரை எங்களுக்குப் பிடிபடவில்லை.

இப்படிப்பட்ட அப்பாக்களை வாசலிலேயே நிறுத்திவிட வேண்டும் என்று சொல்லும் கட்சி ஒன்று உண்டு. அதற்குத் தலைவரென்று விக்டர் டி'அமிக்கோவைச் சொல்லலாம். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் கல்வித்துறையைப் பல வருடம் நடத்தியவர். 1942இல் அங்கே அவர் தொடங்கிய சிறுவர் கலைக் களியாட்டத்தின் நுழைவாசல் பேர்போனது. நாலு வயதுப் பிள்ளையின் உருவக்கோடு ஒன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் உருவக்கோடு ஒன்று. இரண்டையும் வாசலாக வளைத்து வைத்திருந்தார். அந்த அளவுக்குள் நுழைய முடிகிறவர்களுக்குத்தான் அனுமதி. பெற்றோர் வெளியே நிற்க வேண்டியதுதான். பெரியவர்களின் "இப்படிச் செய், அப்படிச் செய்" உள்ளே போகக் கூடாது என்பது அவர் கணக்கு. உள்ளே கோடு போட்ட படத்துக்கு வண்ணம் அடிக்கும் சமாச்சாரமும் கிடையாது. அந்தப் புத்தகங்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. அந்தக் களியாட்டம் 1962இல் ஜாக்குலின் கென்னடியின் வருகையை ஒட்டி டெல்லிக்கும் வந்தது.

நம் ஊர்ப் பெற்றோரை நினைத்தால் அந்த வாசலை இங்கேயும் ஒரு கம்பிப் பட்டறையில் சொல்லிச் செய்யலாம் என்று எனக்கே தோன்றியதுண்டு. ஆனால் அதே டி'அமிக்கோதான் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து உட்காரும் வகுப்புகளையும் அந்த அருங்காட்சியகத்தில் நடத்தினார். 1954இல் குடும்பமாகச் சேர்ந்து செய்யும் கலைக்கென்றே வேறு இருவரோடு சேர்ந்து ஒரு புத்தகமும் எழுதினார். வேடிக்கை பார்க்கும் பெற்றோர்தான் அவருக்கு ஆகாது போலிருக்கிறது. கையில் பசை ஒட்டிய பெற்றோரோடு அவருக்குச் சண்டை இருந்ததாகத் தெரியவில்லை. எனக்கு அந்த இரண்டாவது டி'அமிக்கோவைத்தான் பிடிக்கிறது.

பட்டறையை இலவசமாக நடத்துவதற்கும் பெற்றோரை உட்காரவைப்பதற்கும் சம்பந்தம் இருக்கிறது. "சும்மா குடுத்தா மதிப்பு இருக்காது சார், நூறு ரூபாயாவது வாங்குங்க" என்று எனக்கு யோசனை சொல்லாதவர்கள் இல்லை. நாற்பது பேர் பெயர் கொடுத்துவிட்டுப் பாதிப் பேர் மட்டும் வந்து நிற்கும் ஞாயிறுகளில் எனக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் நூறு ரூபாய் கொடுத்தவருக்கு நூறு ரூபாய்க்கு ஏதாவது கையில் வந்தாக வேண்டும். வீட்டு ஷோகேசில் வைக்கிற மாதிரி யானை வேண்டும். அது வராவிட்டால் பிள்ளை செய்ததை இவரே சரிசெய்து வாங்கிப் போவார். காசு வாங்கும் வகுப்புகளில் வாத்தியாரே இதைச் செய்துகொடுத்துவிடுவதும் நடக்கிறது. ஆண்டு விழாச் சுவரில் தொங்கும் ஓவியங்களில் யார் கை எவ்வளவு என்று வகுப்பு நடத்துகிறவர்களுக்குத் தெரியும். காசு கொடுக்காதவருக்கு அந்தக் கட்டாயமில்லை. உடைந்தால் உடைந்தது. ஐந்து கால் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

இலவசம் என்றால் யாருமே காசு கொடுக்கவில்லை என்று அர்த்தமில்லை. மண் விலை, வண்டி வாடகை, டீ, எல்லாவற்றுக்கும் மேல் வாத்தியாரின் ஒரு நாள் கூலி. இதில் கடைசியை மட்டும் "சேவை" என்ற பெயரில் அமுக்கிவிடப் பார்க்கும் கூட்டங்கள் நிறைய. மைக் செட்டுக்காரருக்குப் பணம் உண்டு, பந்தல்காரருக்கு உண்டு, பறையடிக்க வந்தவருக்குச் சால்வை மட்டும். அந்தக் கணக்கில் நடக்கும் இலவசத்தை நான் இலவசம் என்று சொல்ல மாட்டேன்.

இந்தக் கணக்கை ஒழுங்காகப் போடத் தெரிந்தவர்கள் தொண்டை மண்டலத்துக் கிராமத்தார். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால் பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி விடிய விடியக் கூத்து. டிக்கெட் கிடையாது. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று ஊரில் வரி போடுவார்கள், கூத்து ஜமாவுக்குப் பேசிய பணம் அதிலிருந்து போகும். கொடுக்க முடியாதவர் வீட்டுப் பிள்ளையும் பாயைப் போட்டு முன்வரிசையில் படுத்துக் கட்டியங்காரனைப் பார்த்துச் சிரிக்கும். கடைசி நாள் படுகளத்துக்குத் திடலில் மண்ணைக் குவித்துத் துரியோதனனைப் படுத்த வாக்கில் செய்வார்கள். ஆள் உயரமல்ல, பல ஆள் நீளம். தொடை, மார்பு, மீசை, கிரீடம் என்று மண் மெல்ல மெல்ல உருவமாவதைச் சுற்றி நின்று பார்க்கும் பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய பட்டறை எது? நாம் இப்போது போஸ்டர் அடித்து ஆரம்பிக்கும் சமாச்சாரம் அங்கே ஆண்டுதோறும் நடந்துகொண்டிருக்கிறது.

நகரத்தில் அந்த ஊர் இல்லை. அதனால் இலவசம் யாருக்குப் போய்ச் சேர்கிறது என்பதே தனிப் பிரச்சினை. ஆரம்பத்தில் நாங்கள் வாட்ஸ்அப்பில் ஒரு படமும் கூகுள் ஃபார்ம் இணைப்பும் அனுப்பினோம். சாயங்காலத்துக்குள் இடம் நிரம்பிவிட்டது. அன்றைக்குப் பள்ளி வாசலில் கார் நிறுத்த இடமில்லை. பள்ளிக்கு நேர் எதிரே குடியிருக்கும் பிள்ளைகள் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். வந்த குடும்பங்கள் மேல் தப்பில்லை. வாட்ஸ்அப் எங்கே போகுமோ அங்கேதான் போனது. இப்போது ஃபார்ம் கிடையாது. அங்கன்வாடி டீச்சரிடம் சொல்கிறோம், ரேஷன் கடை வரிசையில் போய்ச் சொல்கிறோம், தெருமுனை இஸ்திரிக்காரர் சொல்கிறார். அவர் சொன்னால்தான் அதிகம் பேர் வருகிறார்கள்.

இடத்தை மாற்றினால் வருகிறவர்களும் மாறுவார்கள் என்பதற்குச் சென்னையிலேயே உதாரணம் இருக்கிறது. 2015இல் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் விழா தொடங்கினார்கள். சபாக்களுக்குள் இருந்த சங்கீதமும் பரதமும் பெசன்ட் நகர்க் கடற்கரையோர மீனவர் குடியிருப்புக்கு வந்தன. கூத்தும் பறையும் அதே மேடையில் ஏறின. சபாவுக்கு ஒருநாளும் போயிருக்காத பாட்டிகள் தங்கள் வீட்டுத் திண்ணையிலிருந்தே கச்சேரி கேட்டார்கள். அதை வெறும் விளம்பரம் என்று அப்போது பேசியவர்கள் உண்டு. அந்தப் பாட்டிகளைக் கேட்காமல் பேசியவர்கள் என்பது என் அபிப்பிராயம்.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றங்களில் 5 முதல் 16 வயதுவரை உள்ள பிள்ளைகள் பாட்டு, பரதம், ஓவியம் என்று கற்கிறார்கள், கட்டணம் பெயரளவுக்குத்தான். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவிலும், 2023இல் திறந்த மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் கதைசொல்லல், கைவேலை என்று பிள்ளைகளை இழுத்து வைத்துக்கொள்ள ஏதாவது நடக்கிறது. எல்லாம் நல்ல காரியங்கள். ஆனால் பெரும்பாலும் பிள்ளையை விட்டுவிட்டுப் போகும் ஏற்பாடுதான். பெரியவருக்கு உள்ளே ஒரு பாய் போட்டால் என்ன செலவாகிவிடும்?

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஞாயிறு காலை பத்து மணி என்று முதலில் முடிவு செய்த நாங்கள் எல்லாரும் ஆண்கள். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கறி வாங்கிவந்து வைத்த வீட்டில் அம்மா எங்கே இருப்பாள் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கேட்டது ஒரு பூக்காரம்மா. "நாலு மணிக்கு வையுங்க தம்பி, அதுக்கப்புறம்தான் கை ஓயும்." நாலு மணிக்கு மாற்றியதும் அம்மாக்கள் கூட்டம் இரண்டு மடங்கானது. ஒருவர் தன் மாமியாரையும் கூட்டிவந்தார். அந்தக் கிழவி யானையை ஒதுக்கிவிட்டு வரிசையாகச் சொப்புச் சாமான் செய்தார். அடுப்பு, அம்மி, மூடியோடு ஒரு பானை. பேத்தி செய்த யானையை அந்தப் பானைக்குள் போட்டு வேகவைப்பதாக இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த மாதம் பறை. வாசிக்குமுன் தோலைத் தீயில் காட்டி விறைப்பேற்ற வைக்கோல் வேண்டும். பால்காரர் தருவதாகச் சொல்லியிருக்கிறார். தீ மூட்டத் தலைமையாசிரியர் அனுமதி வேண்டும், அது இன்னும் வரவில்லை. மண் சத்தம் போடவில்லை, பறை போடும். பள்ளியின் பின்சுவரை ஒட்டி ஐந்தாறு வீடுகள், அதில் ஒருவர் கோயில் ஸ்பீக்கருக்கே போலீஸ் ஸ்டேஷன் படி ஏறியவர். நேற்று அவர் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று கறாராகக் கேட்டு ஒரு துண்டுச்சீட்டில் குறித்துக்கொண்டார். பேரனைக் கூட்டிக்கொண்டு நீங்களும் வாங்களேன் என்றேன்.

"எனக்கு அதெல்லாம் வராதுங்க" என்றார்.

வராவிட்டால் பரவாயில்லை, வந்து உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். ஒரு பறை அதிகமாகக் கொண்டுவரச் சொல்ல வேண்டும்.