லிங்க் இருக்கிறதா என்று பார்க்கிறீர்கள், கடை இருக்கிறதா என்று பார்த்தீர்களா?

ஊர் உறவுகளே, கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

போன வாரம் இரவு பத்து மணியிருக்கும். எனது வகுப்புப் பிள்ளை ஒன்றின் வாப்பா அழைப்பெடுத்தார். வீட்டில் சின்னவனுக்கு மூச்சிழுப்பு. வழமையான பாமசி பூட்டு. எமது ஊர் இணைய விபரக்கொத்தில் "இரவு 12 மணி வரை" என்று போட்டிருந்த இன்னொரு பாமசியைத் தேடி மோட்டார் சைக்கிளில் போயிருக்கிறார். அந்த இடத்தில் இப்போது போன் திருத்தும் கடை. அதுவும் பூட்டு. பாமசி மூடி ஒரு வருடத்துக்கு மேலாகிறதாம். அல்ஹம்துலில்லாஹ், பிள்ளையை வைத்தியசாலைக்குக் கொண்டு போய் இப்போது சுகம்.

மறுநாள் விபரக்கொத்தை நடத்தும் தம்பிமாரில் ஒருவரிடம் கேட்டேன். "சேர், அது சரிபார்த்த பதிவு" என்றார். பக்கத்தில் பச்சை நிறச் சரி அடையாளமும் இருக்கிறது. எதைச் சரிபார்த்தீர்கள் என்று துருவிக் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அவர்களின் ஸ்கிரிப்ட் வாரம் ஒருமுறை ஒவ்வொரு கடையின் இணையத்தளத்துக்கும் போகும். விபரக்கொத்துக்கு அங்கிருந்து பதில் லிங்க் கொடுத்திருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் பச்சை. இல்லாவிட்டால் பதிவு தானாக நீங்கிவிடும். பாமசிக்காரர் கடையை மூடினாரே தவிர தளத்தை மூடவில்லை. முன்பு கட்டிய காசில் அது ஓடிக்கொண்டிருக்கிறது, லிங்க்கும் அடியில் அப்படியே. ஆகவே இல்லாத கடைக்கு வாராவாரம் பச்சை விழுகிறது.

எங்கள் பாடசாலைக்குப் பின் ஒழுங்கையில் ஒரு சகோதரி பகல் சாப்பாட்டுப் பார்சல் செய்து நான்கு பிள்ளைகளை வளர்க்கிறார். அவரிடம் இருப்பது ஒரு போனும் வாட்ஸ்அப்பும் மட்டும். அவருடைய பதிவை ஏற்கவில்லை. காரணம், பதில் லிங்க் போட அவரிடம் தளம் இல்லை. ஊர் விபரக்கொத்து யாருக்கு மிகவும் தேவையோ அவரைத்தான் இந்த நிபந்தனை வெளியே நிறுத்துகிறது.

கலியாணத்துக்குச் சாட்சி நிற்பவர் "நாளைக்கு என் மகனின் கலியாணத்துக்கு நீ சாட்சி நிற்பாயா?" என்று பேரம் பேசினால் அந்தச் சாட்சியத்துக்கு என்ன பெறுமதி? லிங்க் என்பதும் ஒரு சாட்சிதான்.

சரி, லிங்க்கையாவது ஒழுங்காகப் பார்க்கிறார்களா? அதுவும் இல்லை. தரம் 11 பிள்ளைகளுக்குக் கணினி அறையில் செய்து காட்டினேன். வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக லிங்க் போட்டால் மனிதக் கண்ணுக்குத் தெரியாது, ஸ்கிரிப்ட்டுக்குத் தெரியும். பக்கத்தின் மூலக் குறியீட்டில் குறிப்புரைக்குள் ஒளித்து வைத்தால் உலாவி அதைக் காட்டவே காட்டாது. ஆனால் வெறும் முகவரியைத் தேடுகிற ஸ்கிரிப்ட் "இருக்கிறது" என்று சொல்லிவிடும். ஒரு பிள்ளை, "அப்ப பொய் சொல்றவருக்குத்தான் சேர் பச்சை கிடைக்கும்" என்றது. சாதாரண தரப் பிள்ளைக்கு விளங்குகிறது.

"லிங்க் வாங்கினால்தான் கூகுளில் மேலே வரலாம் சேர்" என்பது தம்பிமாரின் பதில். இது பழைய கணக்கு. ஒரு பக்கத்துக்கு வரும் லிங்க்கை மற்றவர்கள் போடும் வாக்குப் போல எடுத்துக்கொண்டு 1998 இல் தொடங்கியதுதான் கூகுள். உடனே ஆட்கள் வாக்கை மாற்றிக்கொள்ளத் தொடங்கினார்கள். 2012 ஏப்ரலில் வந்த பெங்குயின் மாற்றம் இப்படிச் செயற்கையாக லிங்க் சேர்த்த தளங்களைக் கீழே தள்ளியது. "நீ எனக்குப் போடு, நான் உனக்குப் போடுகிறேன்" என்று அளவுமீறிச் செய்வதைக் கூகுள் தன் விதிகளிலேயே ஸ்பாம் என்று எழுதி வைத்திருக்கிறது. இரண்டு நண்பர்கள் மனமொத்து ஒருவருக்கொருவர் லிங்க் கொடுப்பதில் தவறில்லை. பதிவாகும் ஒவ்வொருவரிடமும் கட்டாயமாகக் கேட்பது வேறு கதை.

1998 இல் தொடங்கி 2017 மார்ச்சில் மூடப்பட்ட டிமாஸ் என்ற பெரிய விபரக்கொத்தில், உலகெங்கும் இருந்த தொண்டர்கள் தளங்களைத் தாங்களே பார்த்துத்தான் சேர்த்தார்கள். காசும் கேட்கவில்லை, பதில் லிங்க்கும் கேட்கவில்லை. அதிலும் தாமதம், சண்டை எல்லாம் இருந்தன. ஆனால் பார்த்தது மனிதர்.

தம்பிமாரே, உங்கள் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. இரவிரவாக விழித்திருந்து செய்கிறீர்கள், தெரியும். அந்தப் பச்சை அடையாளத்தை மட்டும் இன்றே கழற்றுங்கள். அதற்குப் பதிலாக ஒவ்வொரு பதிவின் கீழும் "கடைசியாகப் போன் எடுத்துக் கேட்ட திகதி" என்று ஒரு வரி போடுங்கள். பதில் லிங்க்கை விருப்பமானவர் கொடுக்கட்டும். தளம் இல்லாதவருக்கு போன் இலக்கம் போதும்.

ஆள் பற்றாக்குறை என்று சொல்ல வேண்டாம். பாமசி, டிஸ்பென்சரி, அம்புலன்ஸ், இரத்த தானக்காரர்கள், இவற்றின் இலக்கங்களை முதலில் எடுப்போம். வரும் சனிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு நான் என் போனோடு வருகிறேன், பழைய மாணவர்கள் நாலைந்து பேரையும் கூட்டி வருகிறேன். பட்டியலை அச்செடுத்து வையுங்கள். அந்தச் சகோதரியின் இலக்கம் என்னிடம் இருக்கிறது, அதை முதல் ஆளாக எழுதிக்கொள்ளுங்கள்.