இடம் நிரப்பிய மருந்து

சீனன்குடாவில் எனக்கு நெடுநாளைய நண்பர் ஒருவர் இருக்கிறார். இருபது ஆண்டுக்கால நீரிழிவுக்காரர். மாத்திரையை ஒழுங்காக விழுங்கிக்கொண்டு நன்றாகவே நடமாடியவர். இன்று வாரத்தில் இரண்டு நாள் இரத்தச் சுத்திகரிப்புக்காகத் திருகோணமலைக்குப் பேருந்து ஏறுகிறார். அண்மையில் அவரைப் பார்க்கப் போனேன். அவர் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. "உங்கட பேப்பரில வந்ததெண்டுதானே குடிச்சனான்" என்று மட்டும் சொன்னார்.

அவர் குடித்தது தமரத்தங்காய்ச் சாறு. 2022இல் நாடு வங்குரோத்தானபோது மருந்துகள் தட்டுப்பட்டன, கிடைத்தவையும் விலையேறின. பழைய கொப்பி ஒன்றுக்குள் அவர் ஒட்டி வைத்திருந்த பத்திரிகைத் துணுக்கு அப்போது கண்ணில் பட்டது. காலையில் வெறும் வயிற்றில் ஒரு குவளை, நீரிழிவு அண்டாது என்றது அது. கொல்லையிலே மரம் காய்த்துக் கிடந்தது. அவரை ஏமாளி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏனெனில் அந்தத் துணுக்கு வெளிவந்த பக்கத்துக்கு அந்நாளில் பொறுப்பாக இருந்தவன் நான்.

பத்திரிகைத் தொழிலின் சமையலறை இரகசியம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பத்தி ஒன்று இரண்டு அங்குலம் குறைந்தால் அந்த இடத்தை நிரப்பக் கைவசம் துணுக்குகள் வைத்திருப்போம். அவற்றுள் பாதி மருத்துவக் குறிப்புகள். யார் எழுதியது? தெரியாது. எங்கிருந்து எடுத்தது? இன்னொரு இதழிலிருந்து. அந்த இதழ் எங்கிருந்து எடுத்தது? யாரும் கேட்டதில்லை. அமைச்சரின் பேச்சில் ஒரு சொல் பிசகினால் நடுங்கிய நாங்கள், நோயாளியின் வயிற்றுக்குள் போகும் பொருளைப் பற்றி ஒரு வைத்தியரிடமேனும் விசாரித்ததில்லை.

தமரத்தங்காயில் ஒக்சலேற்று மிகுதி. சாறாகப் பிழிந்து, அதுவும் வெறும் வயிற்றில் குடிக்கும்போது அது பெருமளவில் இரத்தத்தில் கலந்து, பளிங்குகளாகிச் சிறுநீரகத்தில் படிந்து அதைச் செயலிழக்கச் செய்யக்கூடும். இவ்வாறு பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி இலங்கை மருத்துவர்களே ஆய்விதழ்களில் எழுதியிருக்கிறார்கள். ஏற்கனவே சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். நீண்டகால நீரிழிவுக்காரர் பலருடைய சிறுநீரகம் தளர்ந்தே இருக்கும். ஆக, எவரை அது மிகுதியாகக் கெடுக்குமோ அவருக்கே அதை மருந்தென்று சொல்லியிருக்கிறோம்!

"இயற்கைதானே, என்ன செய்துவிடும்?" என்பார்கள். எட்டிக்காயும் இயற்கை தந்ததுதான்.

நான் கைவைத்தியத்தின் எதிரியல்லன். கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவித்த குடிநீரில் வளர்ந்தவன். இந்தத் துறைமுகத்துக்காக ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிக்கொண்ட காலத்தில் கடற்படையினரைப் பீரங்கியைவிட ஸ்கேர்வி நோயே அதிகம் கொன்றது. 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற மருத்துவர் நோயுற்ற மாலுமிகள் 12 பேரை இருவர் இருவராகப் பிரித்து, ஆறு வகை மருந்து கொடுத்துப் பார்த்தார். தோடம்பழமும் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைவில் தேறினர். 1795இல் ஆங்கிலேயர் திருகோணமலையைக் கைப்பற்றினர். அவர்களுடைய கடற்படை எலுமிச்சைச் சாற்றை ஏற்றுக்கொண்டதும் அதே ஆண்டில்தான். எலுமிச்சை வென்றது இயற்கையானது என்பதனாலா? லிண்ட் கொடுத்த கடல்நீரும் வினாகிரியும் இயற்கையானவைதாமே, அவை ஏன் தோற்றன? ஒப்பிட்டுப் பார்த்ததனால் உண்மை தெரிந்தது. சோதிப்பது மூலிகைக்கு அவமதிப்பு அன்று. அதற்குச் செய்யும் மரியாதை.

அந்த மரியாதையை நாம் செய்வதில்லை. 2020 டிசம்பரில் கேகாலையில் தேனும் சாதிக்காயும் கலந்த பாணி ஒன்று கொரோனாவுக்கு மருந்தென்று கொடுக்கப்பட்டபோது ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்தனர். அப்போதைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி அதைப் பகிரங்கமாக அருந்திக் காட்டினார். 2021 ஜனவரியில் அவரையே கொரோனா பீடித்தது.

புலம்பெயர்ந்த உறவுகள் சிரிக்க வேண்டாம். கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் விற்றமின் போத்தல்களைப் பொதி செய்து அனுப்புகிறவர்கள் நீங்கள்தாம். புகைபிடிக்கும் ஆண்கள் 29,000 பேருக்கு மேல் பங்குகொண்ட பின்லாந்து ஆய்வின் முடிவு 1994இல் வெளிவந்தது. பீற்றா கரோட்டின் மாத்திரை சுவாசப்பைப் புற்றுநோயைத் தடுக்கும் என்று எதிர்பார்த்தார்கள். விழுங்கியவர்களிடையே அந்நோய் 18 சதவீதம் கூடியது! குறைபாடு உள்ளவருக்கு விற்றமின் மருந்து. குறைபாடு இல்லாதவருக்கு வீண்செலவு. சில வேளைகளில் கேடு.

ஆங்கில மருத்துவம் விலை கூடியது, வைத்தியர் முகம் பார்த்துப் பேசுவதில்லை என்ற மனக்குறைகள் நியாயமானவை. அவற்றுக்காக அரசோடு சண்டை பிடிப்போம். ஆனால் மருந்தில்லாத இடத்தைத் துணுக்கால் நிரப்ப எவருக்கும் உரிமையில்லை; பத்திரிகைக்கும் இல்லை, வானொலிக்கும் இல்லை, கைத்தொலைபேசியில் வருவதையெல்லாம் மறுநொடியே அனுப்பிவிடும் நமக்கும் இல்லை. அனுப்புமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: எவ்வளவு? யார் சோதித்தார்? யாருக்கு ஆகாது? விடை கிடைக்காவிட்டால் அழித்துவிடுங்கள்.

பெயர் பிழைத்தால் மறுநாள் திருத்தம் போடுவது எங்கள் வழக்கம். இதற்கு நான் திருத்தம் போடவேயில்லை. இப்போது போடுகிறேன்:

திருத்தம்: தமரத்தங்காய்ச் சாறு நீரிழிவுக்கு மருந்தென்று நாம் வெளியிட்டது தவறு. நீரிழிவுக்காரரும் சிறுநீரக நோயாளரும் அதை அருந்தலாகாது. தவறுக்கு வருந்துகிறேன்.