தாயின் மௌனம் திருப்தியாகாது

தாய்சேய் நலத்தில் இலங்கை கண்ட முன்னேற்றம் தெற்காசியாவுக்கே முன்னுதாரணமாகக் கொள்ளப்படுகின்றது. 1940களின் நடுப்பகுதியில் ஒரு இலட்சம் பிறப்புகளுக்கு 1,500 இற்கும் அதிகமான தாய்மார் உயிரிழந்தனர். அண்மைய ஆண்டுகளில் இத்தொகை பெரும்பாலும் 40 இற்கும் கீழேயே இருந்து வருகின்றது. 1926 இல் களுத்துறையில் ஆரம்பிக்கப்பட்ட சுகாதாரப் பிரிவு, வீடுதேடிச் செல்லும் குடும்பநல உத்தியோகத்தர், இலவச வைத்தியசேவை ஆகியவையே இதற்கு அடித்தளம். இன்று ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் வைத்தியசாலைகளிலேயே, அவற்றில் மிகப் பெரும்பாலானவை அரச வைத்தியசாலைகளிலேயே நிகழ்கின்றன.

தலைநகரில் 1879 இல் தோற்றம்பெற்ற டி சொய்சா மகப்பேற்று வைத்தியசாலையும் காசல் வீதி மகளிர் வைத்தியசாலையும் இச்சுமையில் பெரும்பங்கைத் தாங்கி நிற்கின்றன. கொள்ளுப்பிட்டியில் வசதி படைத்தோர் தனியார் மருத்துவமனைகளை நாடலாம். அதே பகுதியின் ஒழுங்கைகளிலும், கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை போன்ற இடங்களிலும் வாழும் சாதாரண குடும்பங்களுக்கு அரச வைத்தியசாலையே தஞ்சம்.

பிரசவத்தின் பின்னரான பராமரிப்பு திருப்தி தருகின்றதா என வினவினால், தாய்மாரில் பெரும்பாலானோர் 'ஆம்' என்றே பதிலளிப்பர். இப்பதிலை அப்படியே ஏற்றுக்கொள்வதில் எமக்குத் தயக்கம் உண்டு. குழந்தை நலமாகப் பிறந்த மகிழ்ச்சியில், இன்னும் அதே விடுதியில் இருக்கும் ஒரு தாய் குறைகூற விரும்பமாட்டார். இலவசமாகக் கிடைத்ததைக் குறைகூறுவது நன்றிகெட்ட செயல் என்ற உணர்வும் எம்மவரிடையே ஆழமாக உள்ளது. எதிர்பார்ப்பு குறைவாக இருக்குமிடத்தில் திருப்தி எளிதில் கிடைத்துவிடுகின்றது.

ஆனால், ஆபத்து பிரசவத்துடன் முடிந்துவிடுவதில்லை. குருதிப்பெருக்கு, கிருமித்தொற்று, உயர் குருதி அமுக்கம், மனச்சோர்வு என்பன பின்னரும் தாயைத் தாக்கலாம். முதல் 24 மணித்தியாலங்களிலும், மூன்றாம் நாளிலும், 7 முதல் 14 நாட்களுக்குள்ளும், ஆறாவது வாரத்திலும் தாய் பரிசோதிக்கப்பட வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2013 இல் பரிந்துரைத்தது. சிக்கலற்ற பிரசவமாயின் ஓரிரு நாட்களில் வீடு திரும்பும் தாய்க்கு, விடைபெறும்போது கூறப்படும் அறிவுரையும் ஒரு மருந்தே.

அம்மருந்து அவருக்கு விளங்கும் மொழியில் கிடைக்கின்றதா என்பதே எமது கேள்வி. கொழும்பு மாநகரில் வாழ்வோரில் பாதிக்கும் மேற்பட்டோர் தமிழ், முஸ்லிம் சமூகத்தவர்கள். தமிழ் அரசகரும மொழியாகியது 1987 இல். ஆயினும் வீடு செல்லும்போது கையில் தரப்படும் 'டயக்னோசிஸ் கார்ட்' பொதுவாக ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றது. தமிழ் மட்டுமே அறிந்த தாய்க்கு அதில் எழுதியிருப்பது விளங்குவதில்லை. காய்ச்சல் வந்தால், தையல் வலித்தால், குருதிப்போக்கு அதிகரித்தால் எங்கு செல்வது என்பதை அவர் அயலவரிடம் கேட்டறியும் நிலையே உள்ளது.

பிரசவத்தின் பின்னர் தாய்வீடு சென்று நாற்பது நாட்கள் தங்குவது தமிழ், முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றின் வழக்கம். பதிவுசெய்த முகவரிக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தர் அங்கு தாயைக் காண்பதில்லை. புதிய இடத்து உத்தியோகத்தருக்குத் தகவல் கிட்டாவிடின், மிக முக்கியமான நாட்களில் அத்தாய் எவர் பார்வையிலும் படாமற் போகின்றார்.

இவற்றுக்காகத் தாதியரையும் வைத்தியர்களையும் குற்றஞ்சாட்டுவது நியாயமன்று. 2022 இன் பொருளாதார நெருக்கடியைத் தொடர்ந்து பலர் நாட்டைவிட்டு வெளியேற, எஞ்சியோரே பெருஞ்சுமையைத் தாங்கினர் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், செலவு குறைந்த சில காரியங்களை உடனே செய்யலாம். அபாய அறிகுறிகளைத் தமிழில் விளக்கும் ஒரு தாளை ஒவ்வொரு தாய்க்கும் வழங்கலாம். எந்த முகவரிக்குச் செல்கின்றார் எனக் கேட்டு அப்பகுதிக்கு அறிவிக்கலாம். விடுதியில் திரைச்சீலையொன்றை உறுதிப்படுத்தலாம். முஸ்லிம் தாய்மாருக்கு மட்டுமன்றி எல்லாப் பெண்களுக்கும் அது கண்ணியத்துக்குரிய விடயம்.

கருத்துக்கணிப்பையும் ஆறாவது வாரத்தில், விடுதியைச் சாராத ஒருவர், தாயின் மொழியிலேயே நடத்த வேண்டும். "திருப்தியா?" என்பதைவிட, "உங்களுக்கு என்ன சொல்லப்பட்டது? அது விளங்கியதா?" என்று கேட்பதே பயன்தரும். தாய்மாரின் உயிரைக் காப்பதில் வெற்றிகண்ட நாடு, அவர்களது குரலுக்குச் செவிமடுப்பதிலும் பின்னிற்கலாகாது. சுகாதார அமைச்சும் கொழும்பு மாநகர சபையும் இதனைக் கவனத்திற் கொள்ள வேண்டுமென வலியுறுத்துகின்றோம்.